மைக் செட் மிச்சமும் வீட்டு ரெக்கார்டிங்கும்: எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது?

குமரி மாவட்டத்தில் மைக் செட்காரர் இல்லாத ஊர் குறைவு. அம்மன் கொடை, பங்குத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அவருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரே பட்டியல்தான்: ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர், நாலைந்து குழாய் ஸ்பீக்கர், சில மைக், இரும்பு ஸ்டாண்டுகள், ஒரு சின்ன மிக்ஸர், கேசட் டெக், சிக்கெடுக்க முடியாத வயர், அப்புறம் பெட்டி நிறைய கேசட்.

தக்கலைப் பக்கம் மைக் செட் வைத்திருந்த என் சித்தப்பாவின் மகனிடம் இப்போது இந்தச் சாமான்கள் இருக்கின்றன. அவனுக்கு வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசை. கேசட்டில் கிடக்கும் பழைய வில்லுப்பாட்டுகளையும் காப்பாற்ற வேண்டும். "எல்லாத்தையும் ஆக்கர் கடைல போட்டுட்டு புதுசு வாங்கிரட்டாண்ணே?" என்று கேட்டான். ஆக்கர் கடை என்றால் பழைய இரும்புக் கடை. நான் சொன்ன பதில் இது: மைக்கையும் ஸ்டாண்டையும் விட்டுவிடாதே, ஆம்பையும் குழாயையும் பதிவுக்கு நம்பாதே, இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரே ஒரு பெட்டி வாங்கு. இதே நிலையில் இருப்பவர்களுக்காகக் காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இருப்பதை அப்படியே வைத்துப் பதிவு செய்வது ஒன்று. பழைய மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் சிக்னலை லேப்டாப்புக்குப் புரியும் டிஜிட்டலாக மாற்றும் பெட்டி) வழியாக லேப்டாப்பில் சேர்ப்பது இன்னொன்று. கையடக்க ரெக்கார்டர் வாங்குவது மூன்றாவது. பழசைத் தொடாமல் யுஎஸ்பி மைக்கோ ஃபோனோ போதும் என்று விடுவது நான்காவது.

முதல் வழி செலவில்லாதது என்பதால் எல்லோருக்கும் அதில்தான் கண் போகும். ஆனால் மைக் செட் ஆம்ப் செய்யப்பட்ட நோக்கமே வேறு. ஒரு குரலை அரை கிலோமீட்டர் தாண்டிக் கேட்க வைக்க வேண்டும், நீளமான வயரில் சத்தம் குறையக் கூடாது, அவ்வளவுதான் அதற்கு இடப்பட்ட வேலை. அதற்காகவே 100 வோல்ட் லைன் என்ற முறையில் அது ஸ்பீக்கர்களை ஓட்டுகிறது. குழாய் ஸ்பீக்கரும் அப்படித்தான். பேச்சு புரியத் தேவையான நடு அலைவரிசைகளைத் தள்ளிவிட்டு, அடியையும் உச்சியையும் கைவிட்டுவிடும். வில்லுப்பாட்டின் குடம் குழாயில் 'டொக்' என்று மட்டும் கேட்பது அதனால்தான். பதிவு செய்ததைக் கேட்டுச் சரிபார்க்க அது உதவாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆம்பின் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து வயர் இழுத்து லேப்டாப்பிலோ இன்டர்ஃபேஸிலோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். லைன் உள்ளீடு, அதாவது வேறு கருவியிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் துளை, எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட். அங்கே பத்துக் கணக்கான வோல்ட் வந்தால் புதுப் பெட்டி அன்றைக்கே போய்விடும். சில ஆம்புகளில் லைன் அவுட் என்று தனியாக ஒரு துளை உண்டு, எடுப்பதானால் அதிலிருந்து எடுக்கலாம். எடுத்தாலும் பழைய ஆம்பின் இரைச்சலும் கூடவே வரும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

பழைய சாமானில் உண்மையான சொத்து மைக்தான். மைக் செட்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய தகடு, வேறொன்றுமில்லை. கீழே விழாமல், ஈரம் ஏறாமல் இருந்தால் அதற்கு வயதே ஆகாது. மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 1966-ல் வந்தது, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பது அதுவாகவோ, அதன் நகலாகவோ, அஹுஜாவாகவோ இருக்கலாம். எதுவானாலும் முதலில் வலையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைப் பாருங்கள். பல வருட எச்சிலும் தூசியும் சேர்ந்து பொடிந்திருக்கும். வலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, புது ஸ்பாஞ்சு போட்டாலே பாதி மைக்குகளின் குரல் தெளிந்துவிடும். அழுகின நாற்றமும் போகும், பாடுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

அடுத்து வயர். பழைய மைக் வயர்களில் மைக் பக்கம் மூன்று முள் கேனன் பின்னும், ஆம்ப் பக்கம் தடித்த பி-38 பின்னும் இருக்கும். இந்த பி-38 பின்னை இன்டர்ஃபேஸில் இரு வகைப் பின்னையும் ஏற்கும் கூட்டுத் துளையில் குத்தினால் உள்ளே போகும், சத்தமும் வரும், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லிசாக வரும். மைக் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில், பி-38 குத்தியதும் இன்டர்ஃபேஸ் அதை லைன் சிக்னல் என்று எடுத்துக்கொள்கிறது. மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் ப்ரீஆம்ப் வேலைக்கே வருவதில்லை. இரு முனையிலும் கேனன் உள்ள வயருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். மைக்கை மாற்றும் முன் வயரை மாற்றுங்கள்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். மைக்கின் கேனன் முனையில் 2-ஆம் முள்ளுக்கும் 3-ஆம் முள்ளுக்கும் இடையே சில பத்து முதல் சில நூறு ஓம் வரை காட்ட வேண்டும். மீட்டர் முனை படும்போது மைக்கிலிருந்து மெல்லிய 'கறக்' சத்தமும் கேட்கும். 1-ஆம் முள்ளுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் அந்த மைக்கை யாரோ பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு கம்பி, தரைக்கு ஒன்று என்ற முறை) இல்லாத ஆம்புக்காக உள்ளே மாற்றி இணைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யும் வரை இன்டர்ஃபேஸில் கண்டென்ஸர் வகை மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பொத்தானை அழுத்தாதீர்கள். சரியாக இணைக்கப்பட்ட டைனமிக் மைக்கை அந்த 48 வோல்ட் ஒன்றும் செய்யாது, அதே நேரம் அதற்கு அது தேவையும் இல்லை.

"கண்டென்ஸர் மைக்தானே ஸ்டூடியோ மைக், அதை வாங்கினால் என்ன?" என்பது தம்பியின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. ஒரு நல்ல அறையில், ஒற்றைக் குரலுக்கு, கண்டென்ஸர் காட்டும் நுணுக்கம் டைனமிக்கில் வராது. வில்லில் கட்டிய மணிகளின் கூர்மையும் அதில்தான் அழகாக விழும். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழை. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. கண்டென்ஸரின் தகட்டில் ஈரம் படிந்தால் பொரிவது போலச் சத்தம் வர ஆரம்பிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்துப் பராமரிக்கிறவர்களுக்குச் சரி. மேசைமேல் திறந்தே போட்டு வைக்கிறவர்களுக்கு டைனமிக்தான் தோழன். இன்னொன்று: தெருவில் போகும் மீன் வண்டியின் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றையும் கண்டென்ஸர் அக்கறையோடு பதிவு செய்யும். வாயருகே பிடித்துப் பாடும் டைனமிக் அவ்வளவு தூரம் எட்டிப் பார்க்காது.

சரி, இன்டர்ஃபேஸ். கடைகளில் சவுண்ட் கார்டு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் இருநூறு ரூபாய் யுஎஸ்பி குச்சியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அதில் மைக் ப்ரீஆம்ப் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. பெஹ்ரிங்கர், ஃபோக்கஸ்ரைட் போன்றவற்றின் இரண்டு உள்ளீட்டுப் பெட்டிகள் ஏறத்தாழ 8,000 முதல் 20,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இதில் நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு உள்ளீடும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் ஒன்று மைக்குக்கும் இன்னொன்று கிட்டாருக்கும் என்று இருக்கும். கேசட் டெக்கின் இடது, வலது இரண்டையும் எடுக்க அது தோதுப்படாது. இரண்டு, கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு உயர்த்த முடியும் என்பது. டைனமிக் மைக் தரும் மின்னழுத்தம் மிகக் குறைவு. மெதுவாகப் பேசும் குரலுக்கு 50 முதல் 60 டெசிபல் வரை உயர்த்த வேண்டிவரும், மலிவான பெட்டிகள் அந்த உச்சியில்தான் இரைய ஆரம்பிக்கும். எட்டுக்கட்டையில் பாடுகிற ஆளுக்கு இந்தக் கவலை இல்லை. கதை வாசிக்கிறவர்களும் மெல்லிய குரல்காரர்களும் கொஞ்சம் கூடுதல் விலைப் பெட்டிக்குப் போவது நல்லது.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம், ஆடாசிட்டி இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிவப்பைத் தொட்ட பதிவை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி இடம் பிடிக்கும்.

யுஎஸ்பி மைக்கைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஒருவர் தனியாகப் பேசவோ பாடவோ நல்லதுதான், குத்தினால் வேலை செய்யும். ஆனால் இருக்கும் மைக்குகளும் கேசட் டெக்கும் அதோடு சேராது. சித்தப்பா எதுவும் விட்டுப்போகாதவர்களுக்கான வழி அது. ஃபோனும் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் பல ஃபோன்கள் தாமாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், பின்னணி இரைச்சல் என்று நினைத்துத் தாளத்தையே அமுக்கும்.

கையடக்க ரெக்கார்டர் மட்டும் இன்டர்ஃபேஸுக்கு உண்மையான போட்டி. ஜூம் எச்1என் மாதிரியான சின்னக் கருவியில் இரண்டு மைக் குறுக்காக அமைந்திருக்கும். ஏஏஏ பேட்டரியில் ஓடும். லேப்டாப் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை நினைத்துப் பாருங்கள். நடுவில் வில், அது சாய்ந்திருக்கும் குடம், வீசுகோல் படும் நாண், உடுக்கை, தாளம், கட்டை, கதை சொல்லிப் பாடும் புலவர், பின்பாட்டுக்காரர்கள். இத்தனை பேருக்கும் தனி மைக் வைத்தால் ஒன்றில் பட வேண்டியது இன்னொன்றிலும் படும், பிறகு பிரித்துச் சீர்செய்ய அனுபவம் வேண்டும். குழுவுக்கு ஆறேழு அடி முன்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே, ஸ்டாண்டில் ஒரே ஒரு ரெக்கார்டரை நிறுத்தினால் நேரில் கேட்பதற்கு நெருக்கமாகக் கிடைக்கும். 32 பிட் ஃப்ளோட் வசதியுள்ள புது மாடல்களில் உடுக்கை திடீரென்று உயர்ந்தாலும் பதிவு உடையாது. குழுவைப் பதிவு செய்வதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால், இன்டர்ஃபேஸை மறந்துவிட்டு இதை வாங்குங்கள் என்றே சொல்வேன். வீட்டில் தனியாகப் பாடுகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன மைக்குகள் அறையின் எதிரொலியையும் சேர்த்தே அள்ளும்.

மிக்ஸரை என்ன செய்வது? இன்டர்ஃபேஸில் இரண்டு துளைதான், பாடுகிறவர் நாலு பேர் என்றால் அப்போது அது உதவும். நாலு மைக்கையும் மிக்ஸரில் சேர்த்து, அதன் டேப் அவுட் அல்லது மெயின் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்குக் கொடுக்கலாம். கலந்தது கலந்ததுதான், ஒருவர் குரல் ஓங்கிவிட்டால் பிறகு இறக்க முடியாது. திருகும்போது கரகரக்கும் கைப்பிடிகளுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்புங்கள். அதற்கும் அடங்காத சேனலைத் தொடாமல் விடுங்கள்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் அறை சரியில்லை என்றால் பணம் வீண். புது கான்கிரீட் வீட்டின் வழவழப்பான டைல்ஸ் ஹாலைவிட, பழைய ஓட்டு வீட்டின் அரங்கு எனும் உள்ளறை பதிவுக்கு நூறு மடங்கு மேல். மரக் கூரை, நெல் பத்தாயம், பாய்ச் சுருள், துணி மூட்டை எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். அப்படி ஓர் அறை இல்லாதவர்கள் துணி அலமாரியைத் திறந்து அதற்கு எதிரே நின்று பாடுங்கள், பின்னால் ஒரு மெத்தையை நிறுத்துங்கள். தகரக் கூரை வீட்டில் மழைக்காலத்தில் பதிவு என்ற எண்ணமே வேண்டாம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணவாய்க் காற்றும் ஒரு தொல்லை. ஜன்னலைச் சாத்தினாலும் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போட்டுவிடுங்கள். ஒலி மாசு விதிகள் 2000 இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. திருவிழாவுக்கு விலக்கு கொடுக்கும் நாள்களைத் தவிர்த்துப் பார்த்தால் நமக்கு வாய்ப்பான நேரம் அதுதான். மைக் செட்காரரின் வாரிசு அந்த விதிக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

பதிவில் 'ஹ்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடர்ந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்துங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்தில் பதிவே வேண்டாம்.

இனி கேசட்டுகள். மற்ற எல்லாம் அடுத்த வருடம்கூடச் செய்யலாம், இது அப்படியில்லை. நம் ஈரக் காற்றில் டேப் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கும் பரவி, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றை முதலில் முடியுங்கள்.

கேசட் டெக்கில் புதிதாக எதையும் பதிவு செய்யாதீர்கள். அதன் வேலை இனி ஓட்டிக் காட்டுவது மட்டும். பல வருடம் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் நீண்டோ, தார் போல உருகியோ இருக்கும். பெல்ட் போனதைப் பார்த்து டெக்கையே தூக்கிப் போடுவது நஷ்டம். பெல்ட்டை மாற்றிவிடலாம், தேயாத ஹெட் கிடைப்பதுதான் கடினம். ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்த பழைய மெக்கானிக்குகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். ஹெட்டையும் இரும்பு உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். குரல் மூடிக்கொண்டது போலக் கேட்டால் ஹெட்டின் பக்கத்துச் சின்னத் திருகை மிக மெல்லத் திருப்பி, மணியும் தாளமும் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வெவ்வேறு டெக்கில் பதிவான கேசட்டுகளுக்கு இந்த இடமும் வெவ்வேறாக இருக்கும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்கு வயர். 90 நிமிடக் கேசட் என்றால் 90 நிமிடம் ஓடத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. இணையத்தில் மலிவாக விற்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர்களை இதற்கு நம்ப வேண்டாம். வேகம் ஒரே சீராக இராமல் குரல் அலையும், ஒருமுறைதான் ஓடும் நிலையில் உள்ள டேப்பை அதில் வீணாக்கக் கூடாது.

கேசட்டில் பாடியிருப்பவர்கள் வேறு வீட்டு மனிதர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். நிகழ்த்தியவருக்கு நம் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டு உரிமை தருகிறது. இணையத்தில் ஏற்றும் முன் புலவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த செலவு வரிசை இப்படித்தான் வந்தது: முதலில் இரண்டு கேனன் வயரும் மைக் ஸ்பாஞ்சும், அடுத்து டெக்குக்கு பெல்ட், பிறகு இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ், கடைசியாகக் காதை மூடும் ஒரு ஹெட்ஃபோன். பழைய ஹெட்ஃபோனின் மெத்தை உரிந்து கறுப்புப் பொடியாகக் கொட்டும், அதை விட்டுவிடலாம். ரெக்கார்டர் இப்போதைக்கு வேண்டாம். குழுவைப் பதிவு செய்யும் நாள் வந்தால் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஆம்பையும் குழாயையும் எடைக்குப் போடும் முன் ஒரு காரியம். நெடுநாள் ஓடாத ஆம்பை நேரடியாக பிளக்கில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரிஸ் போர்டில் ஓட்டிப் பாருங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் ஆம்ப் பிழைத்தது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்வு ஆம்ப் என்றால் மூடியையே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் முந்நூறு நானூறு வோல்ட் நிற்கலாம். கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவதே இப்போது பாடு என்பதால் குழாய்க்குப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஓடுகிற ஆம்பை ஊரில் இன்னொரு மைக் செட்காரர் எடை விலைக்கு மேலேயே எடுத்துக்கொள்வார், அந்தப் பணத்தில் கேனன் வயர்களின் செலவு தீர்ந்துவிடும்.